விட்டுவிட்டு வரும் வைஃபைக்கு ஒரு சொல்: கலைச்சொல் விவாதம்

தெம்பனிஸிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். இங்கே சிங்கப்பூரில், சமூக மன்றத்தில் மூத்தோருக்கு நடக்கும் கணினி வகுப்புக்காக நான்கு பக்கக் கையேடு ஒன்று தமிழாகிறது. வீட்டில் கைப்பேசி, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் வைஃபை ஒழுங்காக வருகிறது, ஒரே ஒரு கணினியில் மட்டும் நிலைக்கவில்லை, என்ன செய்வது என்பதுதான் கையேட்டின் பொருள். சனிக்கிழமை காலை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

ஆங்கில மூலத்தில் இணைப்பு நிலைக்காததற்கு எல்லா இடத்திலும் 'ட்ராப்' என்ற ஒரே சொல். முதல் வரைவில் அதற்கு 'இணைப்புத் துண்டிப்பு' என்று போட்டேன். வகுப்பு நடத்துபவர் மறுத்தார். "பில் கட்டவில்லை, கம்பெனிக்காரன் வெட்டிவிட்டான்" என்றே மூத்தோர் அதைப் படிப்பார்கள் என்றார். மறுப்பு நியாயமானது. தானாகப் போய்த் தானாகத் திரும்புவதைச் சொல்லும் சொல் வேண்டும். 'வைஃபை', 'ரூட்டர்' இரண்டும் அப்படியே இருக்கும். இந்த இழையில் அவற்றைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சென்னையிலிருந்து:

அம்மா, சொல் கையிலேயே இருக்கிறது: இடையறவு. 'அறு' இரண்டு வகையாகவும் வரும். கயிறு அறுந்தது, குளம் அற்றது என்றால் தன்வினை. கயிற்றை அறுத்தான் என்றால் பிறவினை. 'துண்டித்தல்' பிறவினை மட்டுமே, வெட்டியவன் ஒருவன் அதற்குள் நிற்கிறான். உங்கள் மூத்தோருக்கு அந்தச் சொல்லில் பில்காரர் தெரிவது மொழியறிவினால்தான். 'அறவு' என்றால் வெட்டியவன் யாருமில்லை. மூதுரையின் அறுநீர்ப் பறவையை நினையுங்கள். அங்கே நீரை யாரும் இறைக்கவில்லை, அது தானே வற்றியது. 'இடையறாத அன்பு' என்று மேடைக்கு மேடை கேட்டவர்களுக்கு அதன் உடன்பாட்டு வடிவம் புரியாமல் போகாது.

தொட வேண்டாம் என்றீர்கள், தொடாமல் இருக்க முடியவில்லை. 1997இல் தமிழ் இணைய மாநாடு கூடிய ஊர் சிங்கப்பூர். அந்த ஊரிலிருந்து வரும் கையேட்டில் வைஃபைக்கு அருகலையும் ரூட்டருக்குத் திசைவியும் இல்லையென்றால் வேறெங்கே இருக்கும்?

உட்லண்ட்ஸிலிருந்து:

ஐயா, தன்வினை விளக்கம் அருமை. ஆனால் 'இடையறவு' தொலைபேசியில் நிற்காது. கையேட்டைப் பார்த்து அம்மா ஒருவர் உதவிக்கு அழைத்து, "தம்பி, எனக்கு இடையறவு" என்று சொல்வதாக வையுங்கள். றகரமும் ரகரமும் பேச்சில் ஒன்றாகிவிட்டதால் கேட்பவர் காதில் விழுவது 'அரவு'. பாம்பு எங்கிருந்து வந்தது என்று அவர் யோசிப்பார். இங்கே வீடுகளில் சொல்வது "லைன் விட்டுவிட்டு வருது" என்பது. அதையே போட்டால் என்ன? கலைச்சொல் ஒரே சொல்லாக இருந்தே தீர வேண்டும் என்று விதி இருக்கிறதா?

ஈசூனிலிருந்து:

சொல்லுக்கு முன்னால் நோயைப் பார்த்துவிடுவோம். 'ட்ராப்' என்று மக்கள் சொல்வது மூன்று தனித்தனிக் கோளாறுகளை. மூன்றுக்கும் மருந்து வேறு. ஒரே சொல் போட்டால், அது எவ்வளவு நல்ல சொல்லானாலும், கையேடு தவறான பக்கத்துக்குத்தான் அனுப்பும்.

பிரித்துப் பார்க்கும் வழி எளிது. விண்டோஸ் கணினியில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறக்கச் சொல்லுங்கள். ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கு பிங், அதாவது ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் கட்டளை. ரூட்டரின் முகவரி பல வீடுகளில் 192.168.1.1, மாறியும் இருக்கலாம், ரூட்டரின் அடியில் உள்ள ஒட்டுத்தாளில் பார்க்கலாம். மற்றதில் 8.8.8.8க்கு பிங், அது வெளியே இணையத்தில் உள்ள கூகுளின் முகவரி. முகவரிக்குப் பின் ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, அதை ஒட்டி ஆங்கில 'டி' எழுத்து. அப்படிப் போட்டால் நிறுத்தும்வரை ஓடும். பத்து நிமிடமாவது ஓடட்டும்.

இரண்டு சாளரமும் ஒன்றாக நின்று, திரை மூலையிலுள்ள வைஃபையின் விசிறிக் குறியும் மறைந்து, சிறிது நேரத்தில் எல்லாம் திரும்பினால், கணினிக்கும் ரூட்டருக்கும் இடையே இருந்த பிணைப்பே போய் வந்திருக்கிறது. இது முதல் வகை. விசிறி அப்படியே இருக்க, ரூட்டரின் பதில் மட்டும் 3 மில்லிவிநாடியிலிருந்து 400, 900 என்று தாவி இறங்கினால் பிணைப்பு இருக்கிறது, காற்றில் நெரிசல் அல்லது அலை மெலிவு. இது இரண்டாவது. ரூட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க 8.8.8.8 மட்டும் நின்றால் வைஃபையின் மேல் பழி இல்லை. அந்த நேரத்தில் கைப்பேசியிலும் இணையம் நின்றிருந்தால் ரூட்டருக்கு அப்பால் கோளாறு. கைப்பேசி நன்றாக ஓடினால் அந்தக் கணினியின் விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறு வழியே சுற்றி அனுப்பும் மென்பொருள்) அல்லது பாதுகாப்பு மென்பொருளைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். இது மூன்றாவது. கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குவதும் இதற்கு அண்டை வீடு. வைஃபை இணைந்திருப்பதாகவே கணினி காட்டும், ஆனால் ரூட்டரிடமிருந்து முகவரி கிடைத்திருக்காது.

ஒரே கணினி என்றால் முதல் வகைதான் அடிக்கடி வரும். அதற்கு முதலில் பார்க்க வேண்டியது மின்சேமிப்பு. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் தாவலில், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியைக் கணினி அணைக்கலாம் என்ற வரிக்கு எதிரே உள்ள குறியை எடுக்க வேண்டும். சில புதிய மடிக்கணினிகளில் அந்தத் தாவலே தெரியாது. அடுத்தது டிரைவர், அந்த அடாப்டரை இயக்கும் மென்பொருள். கணினி செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுப்பது நல்லது, பழைய பதிப்பின் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட்' என்ற கட்டளை, நிர்வாகி உரிமையோடு திறந்த சாளரத்தில், கடந்த மூன்று நாளில் இணைப்பு எப்போது போனது, என்ன காரணம் என்று ஓர் அறிக்கை தரும். அதில் காரணங்கள் இரண்டு மாதிரி இருக்கும்: அலை எட்டாமல் போனது, கணினியோ டிரைவரோ தானே விட்டது. சென்னை ஐயா சொன்ன தன்வினையும் பிறவினையும் அப்படியே அங்கே இருக்கின்றன. ஆகவே 'துண்டிப்பு' என்ற சொல்லைக் குப்பையில் போட வேண்டாம். மின்சேமிப்பு செய்வது துண்டிப்பேதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட பக்கம் "இணைப்பு அறுந்தறுந்து வருது" எண்டுதான் சனம் கதைக்கிறது. அறு என்ற வேரும் இருக்கு, பேச்சும் இருக்கு. முதல் வகைக்கு 'அறுபடல்' போதும். அருகலை இங்கே பத்திரிகையில் புழங்குகிற சொல், அதற்கு என் வாக்கும் உண்டு.

சென்னையிலிருந்து:

'அறுபடல்' ஏற்கலாம். ஆனால் அதில் போவது மட்டுமே இருக்கிறது, திரும்பி வருவது இல்லை. தெம்பனிஸ் அம்மா கேட்டது இரண்டும் சேர்ந்த சொல். யாப்பில் அப்படி ஒன்று உண்டு: விட்டிசை. சீரின் முதலில் தனிக்குறில் நேரசையாகாது, விட்டிசைத்தால் மட்டும் ஆகும் என்பது யாப்பருங்கலக்காரிகை படித்தவர்கள் அறிந்தது. ஓசை ஒரு கணம் விட்டு மீண்டும் ஒலிக்கிறது. 'இசை' என்பதற்கு ஒலித்தல் மட்டுமா பொருள்? பொருந்துதல், உடன்படுதல் என்றும் உண்டு. விட்டு, மீண்டும் இசைவது விட்டிசை. வேறு எந்த மொழியில் இப்படி ஒரு சொல் ஆயத்தமாக இருக்கும்?

மூன்றாம் வகைக்கும் ஒன்று தருகிறேன். பிணைப்பு இருந்தும் உள்ளே ஒன்றும் வராத நிலை: வெற்றிணைப்பு. வெற்றிடம் போல.

உட்லண்ட்ஸிலிருந்து:

விட்டிசை என்றால் பாட்டுப் போட்டி என்றுதான் நினைப்பார்கள், ஐயா. வெற்றிணைப்பு பொருளில் மிகப் பொருத்தம், எழுத்தில் சிக்கல். முதலில் கண்ணில் படுவது 'வெற்றி'. இணையம் வராத நிலைக்கு வெற்றி இணைப்பு என்று படித்துவிட்டால் கையேடு கெட்டது.

சென்னையிலிருந்து:

வெற்றியோடு சேர்ந்தால் உடம்படுமெய் பெற்று 'வெற்றியிணைப்பு' என்றாகும். வெற்றிணைப்பு ஆகாது. இது பள்ளிக்கூடப் பாடம்.

தோ பாயோவிலிருந்து:

பாடம் சரி, ஐயா. படிப்பவர் புணர்ச்சி பிரித்துப் பார்த்துவிட்டா கணினியைத் தொடுவார்? 'வெற்று இணைப்பு' என்று இடம்விட்டு எழுதிவிட்டால் இருவர் சொல்வதும் நிற்கும்.

இரண்டாம் வகைக்கு 'திணறல்' என்று முன்மொழிகிறேன். அதன் காரணங்களில் நம் அடுக்குமாடி வீடுகளுக்கே உரியவை சில உண்டு. 1990களின் இறுதிக்குப் பின் கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பாம் ஷெல்டர் என்று எல்லாரும் சொல்லும் அறை இருக்கும். கம்பி நெருக்கமாகப் போட்ட கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. ரூட்டரை அதற்குள் வைத்தாலும் சரி, ரூட்டருக்கும் கணினிக்கும் நடுவே அந்த அறை வந்தாலும் சரி, அலை அடிபடும். அளந்து பார்த்தால் தெரியும்: அலையின் வலுவைச் சொல்லும் டிபிஎம் அளவில் கழித்தல் 50 என்றால் நல்ல அலை, கழித்தல் 67 வரை காணொளி அழைப்பு தாங்கும், கழித்தல் 75ஐத் தாண்டினால் திணறும். கழித்தல் குறி இருப்பதால் எண் பெருகப் பெருக அலை மெலிகிறது. இதைக் கையேட்டில் ஒரு வரியாவது விளக்க வேண்டும்.

மேலும் கீழும் பக்கத்திலும் வீடுகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றையொன்று மிதிக்காத தடங்கள் 1, 6, 11 மூன்றே. அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வைக்க வேண்டும், 40 வைத்தால் அண்டை வீட்டோடு மோதல். அதே பட்டையில் மைக்ரோவேவ் அடுப்பு. பலர் கவனிக்காதது யுஎஸ்பி 3. வெளி வன்தட்டின் வடத்துக்குப் பக்கத்தில் வைஃபை டாங்கிள் (யுஎஸ்பி துளையில் செருகும் சிறு வைஃபை கருவி) செருகியிருந்தால், வன்தட்டு ஓடும்போதெல்லாம் 2.4 பட்டையில் இரைச்சல் ஏறும். டாங்கிளை ஒரு மீட்டர் நீட்டிப்பு வடத்தில் தள்ளி வைத்தால் போதும், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற வேண்டும். மேசைக் கணினியில் பின்பக்கம் திருகும் இரண்டு ஆண்டெனாவும் திருகியிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈசூனிலிருந்து:

திணறலுக்கு என் வாக்கு. வீட்டில் இரண்டு, மூன்று மெஷ் பெட்டி (ஒரே வைஃபையை வீடெங்கும் பரப்பும் பெட்டி) இருந்தால் வரும் கோளாறு ஒன்று விடுபட்டிருக்கிறது. அறை மாறியும் கணினி பழைய பெட்டியையே பிடித்துக்கொண்டிருக்கும். எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்பதைக் கடைசியில் முடிவு செய்வது கணினி, ரூட்டர் இல்லை. இன்டெல் அடாப்டர் பலவற்றில் 'ரோமிங் அக்ரெசிவ்னெஸ்' என்று ஓர் அமைப்பு உண்டு, 1 முதல் 5 வரை, வழக்கமாக 3. விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் 4 வைக்கலாம். உட்கார்ந்த இடத்திலேயே பெட்டி மாறி மாறி அறுந்தால் 2 வைக்க வேண்டும். இந்தக் குணத்துக்கு ஒரு சொல் தாருங்கள்.

சென்னையிலிருந்து:

மூதுரையை எடுத்தது வீண் போகவில்லை. அந்தப் பாட்டிலேயே இரண்டும் இருக்கின்றன. குளம் வற்றியதும் பறந்துவிடும் பறவை ஒன்று. கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் வாடினாலும் ஒட்டியே கிடக்கும். உங்கள் கணினி கொட்டி ஆம்பலாக இருக்கிறது, அதைப் பறவையாக்க எண்ணைக் கூட்டுகிறீர்கள். உறவில் போற்றுவது ஒட்டுவதை, அலையில் வேண்டுவது பறப்பதை. 'தாவுதிறன்' என்று வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

திறன் கூடினால் நல்லது எண்டு நினைச்சு எல்லாரும் 5 வைப்பினம். 'தாவுமுனைப்பு' பொருத்தம்.

தெம்பனிஸிலிருந்து:

நன்றி. வெள்ளி இரவு ஆகிவிட்டதால் முடிவு செய்திருக்கிறேன். முதல் வகை 'அறுபடல்', அதன் முதல் வரவில் மட்டும் "விட்டுவிட்டு வருவது" என்ற விளக்கம். இரண்டாவது 'திணறல்'. மூன்றாவது 'வெற்று இணைப்பு', இடம்விட்டு. மின்சேமிப்புப் பத்தியில் மட்டும் 'துண்டிப்பு'. தாவுமுனைப்பும் உள்ளே போகிறது, அதற்குப் பக்கத்தில் திரையில் தெரியும் பெயர் தமிழ் எழுத்தில். வைஃபையும் ரூட்டரும் மாறவில்லை. பக்கங்களின் படத்தை இணைத்துள்ளேன்.

சென்னையிலிருந்து:

அச்சுக்குத் தடை சொல்லவில்லை. என் மறுப்பைப் பதிவில் வையுங்கள்: அறுபடலில் திரும்பி வருதல் இல்லை. அடுத்த பதிப்பு வரும்போது விட்டிசையை மீண்டும் கொண்டுவருவேன்.

ஈசூனிலிருந்து:

அம்மா, இரண்டாம் பக்கத்தில் 8.8.8.8க்கும் சிறு கோட்டுக்கும் நடுவே இடைவெளி விடுபட்டிருக்கிறது. அப்படியே தட்டினால் கட்டளை ஓடாது. அச்சகத்துக்கு அனுப்பும் முன் திருத்திவிடுங்கள்.