ஈரமான மலைநாட்டில் சாம்பலும் வெள்ளைத் தூளும் பூச்சிக்கு ஏன் வேலை செய்வதில்லை? உதவி தேவை

கேள்வி (டிக்கோயா)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) பின்னால் உள்ள சிறிய துண்டு நிலத்தில் கோவாவும் போஞ்சியும் லீக்ஸும் வைத்திருக்கிறோம். வீட்டில் இப்போதுதான் நடை பழகும் குழந்தை இருப்பதால், கடை மருந்துகளை அடிக்க மனம் வராமல், மிலாறு (கவாத்து செய்த தேயிலைக் குச்சி) எரித்த அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கோவா இலைகளின் மேல் தூவி வருகிறேன். மழை விட்டிருக்கும் நாட்களில் பூச்சி குறைந்தாற்போல் தெரிகிறது. ஆனால் ஒரு தூறல் விழுந்துவிட்டால் சாம்பல் இலை நரம்புகளில் சாந்து பூசியது போல் இறுகிவிடுகிறது. இலையின் அடிப்பக்கத்தில் பூச்சி மறுபடியும் மொய்க்கிறது.

வீட்டுக்குள்ளே அடுப்படிச் சுவர் வெடிப்பிலிருந்து எறும்பு வரிசையாக வருகிறது. இரவில் விளக்கைப் போட்டால் சிறிய கரப்பான்கள் அலமாரிக்குப் பின்னால் ஓடி ஒளிகின்றன. டவுனில் ஒரு கடையில் "இது இயற்கைத் தூள், ஒன்றும் செய்யாது" என்று சொல்லி வெள்ளைப் பொடியொன்றைப் பொலித்தீன் பையில் கட்டித் தந்தார்கள். பையில் பெயரோ விபரமோ கிடையாது. எறும்பு வரும் வழியில் அதைத் தடிப்பாகக் கொட்டி வைத்திருக்கிறோம். எறும்பு அதைச் சுற்றிப் போகிறதே தவிர, குறையவில்லை. தூள் சரியில்லையா, அல்லது போடும் முறை சரியில்லையா என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

பதில் (பண்டாரவளை, குடும்பநல உத்தியோகத்தர்)

தங்கச்சி, மற்றவை எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பொலித்தீன் பையைப் பற்றிப் பேச வேண்டும். வெள்ளையாக இருக்கும் தூள் சுண்ணாம்பாகவும் இருக்கலாம், போரிக் அமிலமாகவும் இருக்கலாம், வேறு மாவுடன் கலந்த செயற்கைப் பூச்சிமருந்தாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, நம் நாட்டில் விற்கப்படும் பீடைகொல்லிகள் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். முறையான பொதியில் உள்ளடக்கமும் எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருக்கும். விபரமே இல்லாத பையைத் தவழும், நடக்கும் குழந்தை உள்ள வீட்டில் வைத்திருக்கவே கூடாது.

கொட்டிய தூளை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், தூசி எழும்பும். ஈரத்துணியால் துடைத்தெடுத்துத் துணியோடு கட்டி அப்புறப்படுத்துங்கள். பிள்ளையின் வாயில் பட்டதாகச் சிறிது சந்தேகம் வந்தாலும், வாந்தி எடுக்க வைக்காமல், மீதித் தூளையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்தத் தூளையும் பால்மா டின்னிலோ சீனிப் போத்தலிலோ போட்டு வைக்க வேண்டாம் என்று நான் போகும் லயங்களில் எல்லாம் மன்றாடிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கும் சொல்லிவைக்கிறேன்.

பதில் (கந்தப்பளை, மரக்கறிச் செய்கையாளர்)

சாம்பலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தூளாக இருக்கும்வரைதான் சாம்பலுக்குப் பலம்; நனைந்தால் அது உரம், அவ்வளவுதான். தென்மேற்குப் பருவமழை மே தொடங்கி செப்டெம்பர் வரை உங்கள் பக்கத்தை விடாது என்பதால், அந்த மாதங்களில் இலைமேல் சாம்பல் தூவுவது வீண் உழைப்பு.

இன்னொன்றும் உண்டு. விறகுச் சாம்பல் கடும் காரத்தன்மை உடையது. தொடர்ந்து கொட்டினால் மண்ணின் அமிலத்தன்மை குறையும். கோவாவுக்கு அது ஓரளவு நல்லதுதான், ஏனென்றால் வேர்கள் முண்டு முண்டாக வீங்கும் நோய் அமில மண்ணில்தான் அதிகம் வரும். ஆனால் உருளைக்கிழங்குப் பாத்தியில் போட்டால் கிழங்கின் தோலில் சொறி விழும். தேயிலைக்கு மண்ணின் பி.எச். (அமில, கார அளவு) 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும்; ஆகவே தேயிலைச் செடிகளின் அடியிலும் கொட்டாதீர்கள். யூரியா போட்ட கையோடு சாம்பல் போட்டால் அதிலுள்ள தழைச்சத்து வாயுவாகப் பறந்துவிடும்.

கோவாவில் இருப்பது எந்தப் பூச்சி என்று நீங்கள் எழுதவில்லையே. இலையைத் திருப்பிப் பார்த்துச் சொல்லுங்கள்.

பதில் (வெலிமடை, ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்)

மகள், உங்கள் கேள்வியின் விடை "ஈரம்" என்பதிலேயே பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. பூச்சியின் உடலுக்கு மேல் மெல்லிய மெழுகுப் படலம் ஒன்று உண்டு. உடலின் நீர் வெளியேறாமல் காப்பது அதுதான். சாம்பல், டயற்றம் மண் (நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான வெண்ணிறத் தூள்) போன்ற தூள்கள் அந்த மெழுகை உறிஞ்சியும் உராய்ந்தும் கெடுப்பதால் பூச்சி நீரிழந்து சாகிறது. இங்கே நஞ்சு எதுவும் வேலை செய்வதில்லை, வறட்சிதான் கொல்கிறது. மூடுபனி நாள் முழுவதும் நிற்கும் ஊரில், காற்றின் ஈரத்தைத் தூளே குடித்துவிட்டால், பூச்சியிடமிருந்து உறிஞ்ச அதற்கு இடமேது? எனவே இத்தகைய தூள்களை வீட்டுக்குள், மழையும் நீராவியும் படாத வெடிப்புகளிலும் அலமாரியின் பின்புறத்திலும் மட்டுமே பயன்படுத்துங்கள்.

தடிப்பாகக் கொட்டினால் பயன் இல்லை என்பதை உங்கள் எறும்புகளே காட்டிவிட்டன. குவியலைக் கண்டால் எறும்பும் கரப்பானும் விலகிப் போகும். கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அளவுக்கு, உலர்ந்த தூரிகையால் மெல்லிய படலமாகப் பூச வேண்டும். அப்போதுதான் பூச்சி அதை அறியாமல் மிதித்து நடக்கும். டயற்றம் மண் வாங்குவதானால், உணவுத் தானியத்துக்குப் பயன்படுத்தும் தரமா என்று பாருங்கள். நீச்சல் தடாக வடிகட்டிக்கு விற்பது சூளையில் சுடப்பட்டது. அதிலுள்ள படிகச் சிலிக்கா நுரையீரலுக்குக் கெடுதல். நல்ல தரமானதையும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டே பூசுங்கள்.

எறும்புக்குத் தூளை விட இரைதான் சிறந்தது, ஏனெனில் வரிசையில் வருபவை கூட்டின் சிறு பகுதி மட்டுமே. ராணி உள்ளே இருக்கிறது. நூறு மில்லிலீற்றர் சீனிப் பாணியில் கால் தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய ஒரு கிராம், போரிக் அமிலத்தைக் கரைத்துப் பஞ்சில் நனைத்து, மூடியில் சிறு துளையிட்ட டின்னுக்குள் வையுங்கள். அளவைக் கூட்டினால் விரைவாகச் சாகும் என்று எண்ணிவிடாதீர்கள். வேலைக்கார எறும்பு வழியிலேயே செத்துவிட்டால் கூட்டுக்குப் போய் ஊட்டுவது யார்? இரை வைத்த இடத்துக்கு அருகில் சாம்பலோ மஞ்சளோ மிளகாய்த்தூளோ இருக்கக் கூடாது, எறும்பு வராது. முதல் ஓரிரு நாட்களில் எறும்பு கூடத்தான் செய்யும், பொறுத்திருங்கள்.

கரப்பானுக்கு அதே போரிக் அமிலம் தூளாகவே உதவும். காலில் ஒட்டியதை அது நக்கித் துடைக்கும்போது உள்ளே போய்க் கொல்லும். ஆனால் இதையும் "இயற்கை" என்று நம்பிக் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்; விழுங்கினால் குழந்தைக்கு நஞ்சு. அலமாரியை நகர்த்திப் பின்சுவரின் வெடிப்புக்குள் மட்டும் பூசி, அலமாரியை மீண்டும் ஒட்டிவைத்துவிடுங்கள். எறும்பு டின்னையும் உயரத்தில், பிள்ளை ஏற முடியாத இடத்தில் வையுங்கள். பாமசியில் பெயர் அச்சிட்ட பொதியையே கேட்டு வாங்குங்கள். கெரம் பலகைக்குப் போரிக் தூள் என்று விற்பவற்றில் சில வெறும் மாவு. அதை வாங்கி ஏமாற வேண்டாம். தோட்டத்து மண்ணில் போரிக் அமிலத்தைப் போடவே கூடாது, அதிலுள்ள போரன் மிகுந்தால் பயிர் கருகும்.

கேள்வி கேட்டவர்

ஐயாவுக்கும் மிஸ்ஸுக்கும் அண்ணனுக்கும் மனமார்ந்த நன்றி. வெள்ளைத் தூள் முழுவதையும் ஈரத்துணியால் துடைத்து அகற்றிவிட்டோம். இன்று காலை கோவா இலையைத் திருப்பிப் பார்த்தேன். குருத்துக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் மாப் பூசியதைப் போன்ற சிறு பூச்சிகள் அடையாக இருக்கின்றன, அவற்றின் மேல் எறும்பும் ஊர்கிறது. வெளி இலைகளில் இலைப் பச்சையை மட்டும் தின்று, மேல்தோலைக் கண்ணாடித்தாள் போல் விட்டுவைத்த ஓட்டைகள் தெரிகின்றன. அங்கே பச்சைநிறப் புழுவைத் தொட்டதும் துடித்துக்கொண்டு நூலில் தொங்கியது. வவுனியாவில் உள்ள மாமி வேப்பங்கொட்டைத் தூள் அனுப்புவதாகச் சொல்கிறார். அதையும் தூவலாமா? அரிசியில் வண்டு வருவதற்கும் ஏதாவது தூள் போடலாமா?

பதில் (வெலிமடை)

மிகத் தெளிவாகப் பார்த்திருக்கிறீர்கள். முதலாவது கோவா அசுவுணி. நூலில் தொங்கியது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. 1953இல் ஜாவாத் தீவில் டி.டி.டி. மருந்துக்கே தாக்குப்பிடிக்கப் பழகியதாகப் பதிவான பூச்சி இது. கண்ட மருந்தையும் அடித்து இதை வெல்ல முடியாது என்பதை நம் விவசாயிகள் பட்டறிந்திருக்கிறார்கள்.

வேப்பங்கொட்டைத் தூளைத் தூவாதீர்கள், கரைத்து அடியுங்கள். ஓடு நீக்கிய பருப்பின் தூளாக இருந்தால் ஒரு லீற்றர் நீருக்கு ஐம்பது கிராம் இட்டு, இரவு முழுவதும் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடித்து, சிறிதளவு சவர்க்காரம் கரைத்துச் சேருங்கள். கோவா இலையில் மெழுகு இருப்பதால் சவர்க்காரம் இல்லாத நீர் முத்து முத்தாக உருண்டு விழுந்துவிடும். வெயிலில் வேம்பின் வீரியம் சிதைந்துவிடுவதால், மழையில்லாத மாலைப்பொழுதில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். அடித்த மறுநாளே புழு செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது தின்பதை நிறுத்தும், தோலுரிக்க முடியாமல் போகும், அதற்குச் சில நாட்கள் எடுக்கும். வாரத்துக்கு ஒருமுறையும், பெருமழைக்குப் பின்னரும் திரும்ப அடியுங்கள். பூசணம் பிடித்த கொட்டையைத் தள்ளிவிடச் சொல்லி மாமியிடம் முன்கூட்டியே கூறுங்கள்.

அசுவுணிக்கு அதற்கும் முன்பாகவே, அடை அதிகமாக உள்ள இலைகளைக் கிள்ளி அழித்துவிட்டு, மிச்சத்தின்மேல் தண்ணீரைப் பலமாகப் பீய்ச்சுங்கள். அசுவுணியின் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைப் பாதுகாக்கிறது. எறும்பு குறைந்தால் பொறிவண்டு வந்து அசுவுணியைத் தின்னும். நம் பகுதியின் கனமழைகூட இளம் புழுக்களை இலையிலிருந்து அடித்துத் தள்ளிவிடும் என்பதால், மழையை முழுக்க எதிரியாக நினைக்காதீர்கள்.

வேம்புக்கும் புழு அடங்காவிட்டால், பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பக்டீரியாவிலிருந்து செய்த தூள் உண்டு. அதையும் நீரில் கரைத்தே அடிக்க வேண்டும்; புழு தின்றால் மட்டுமே பலிக்கும், அசுவுணிக்குப் பலிக்காது. வாங்குவதற்கு முன் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள், தமிழிலும் பேசலாம்.

பதில் (கந்தப்பளை)

அரிசிக்கு எந்தத் தூளையும் கலக்காதீர்கள் தங்கச்சி. வண்டு அரிசி மணிக்குள்ளேயே முட்டை இடுவதால், பழைய அரிசியின்மேல் புதியதைக் கொட்டினால் முழு டின்னும் கெடும். டின்னைக் கழுவி நன்றாக உலர்த்தி, வெயில் கிடைக்கும் நாளில் அரிசியைப் பரப்பிக் காயவைத்து, சூடு ஆறிய பின் இறுக மூடிவிடுங்கள். வசம்பு போடுவதானால் தூளாக்காமல், முழுத்துண்டாகத் துணியில் முடிந்து மேலே வைத்து, அரிசி களையும்போது எடுத்துவிடுங்கள்.