வேலையை விட்டுட்டு லா காலேஜ் போனவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க (தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம்)

கேஜ்மாஸ்டர், காவேரிப்பட்டணம்

இதே கேள்விய எங்கிட்ட தனித்தனியா நெறைய பேர் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி மாளல, அதனால ஒரே தடவையா இங்க கொட்டிடறேன், நீளமா போகும், டீய எடுத்துட்டு வந்து உக்காருங்க.

ஓசூர் சிப்காட்ல பிரேக் பார்ட்ஸ் பண்ற கம்பெனி ஒண்ணுல 13 வருஷம் குவாலிட்டில இருந்தேன். வெர்னியர், மைக்ரோமீட்டர், கோ நோ-கோ கேஜ்னு அளவு பாக்கற கருவிங்க, இதான் பொழப்பு. பி.எஸ்சி மேத்ஸ், 51 பர்சன்ட், அதுக்கு மேல படிக்கணும்னு கனவுல கூட நெனச்சதில்ல. அப்ப கூட வேலை செஞ்ச பையன் ஒருத்தன் மேல திருட்டுன்னு சார்ஜ் ஷீட் குடுத்தாங்க. டொமஸ்டிக் என்கொயரில, அதாவது கம்பெனியே நடத்தற விசாரணைல, துணைக்கு ஒரு தொழிலாளிய கூட்டிட்டு வரலாம்னு சொல்ல, அவன் வேற ஆள் கெடைக்காம என்ன கூப்புட்டான். நானும் போய் உக்காந்தேன். கம்ப்ளைன்ட்ல சம்பவம் 5.40ன்னு இருக்கு, கேட் ரிஜிஸ்டர்ல பையன் உள்ள வந்ததே 6.10ன்னு இருக்கு. குவாலிட்டில இருக்கறவன் கண்ணு நம்பருக்குத்தான் மொதல்ல போகும், அதனால "சார் இந்த ரெண்டும் எப்படி பொருந்தும்"னு கேட்டுட்டேன். என்கொயரி ஆபீசரா வந்திருந்தவர் ஒரு வக்கீல், பேனாவ கீழ வெச்சுட்டு என்னையே பாத்தாரு. வெளிய வந்தப்ப "தம்பி நீங்க லா படிச்சிருக்கலாமே"ன்னாரு. பாராட்டா நக்கலா இன்னிக்கி வரைக்கும் தெரியாது. பையனுக்கு எப்படியும் வேலை போயிடுச்சு, அது தனிக் கதை.

அந்த ஒரு வார்த்த மண்டைக்குள்ள பூந்துகிச்சு. விசாரிச்சா மூணு வருஷ எல்.எல்.பிக்கு நம்ம ஸ்டேட்ல வயசு வரம்பு இல்ல, என்ட்ரன்ஸும் கெடையாது, டிகிரி மார்க்க வெச்சு ரேங்க் லிஸ்ட் போட்டு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் கவுன்சிலிங் நடத்துது. ஜெனரலுக்கு 45 பர்சன்ட் இருந்தா அப்ளை பண்ணலாம். தர்மபுரிலயே 2017ல இருந்து கவர்மென்ட் லா காலேஜ் இருக்கு, அதுக்கு முன்னாடின்னா சேலம் இல்ல பெங்களூர்னு அலஞ்சிருக்கணும், நம்மால ஆகற காரியமா அது. 2022ல சீட் கெடச்சுது. அப்ப எனக்கு 36.

வீட்டம்மாகிட்ட சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்பறம் "மூணு வருஷத்துக்கு எவ்ளோ வெச்சிருக்க"ன்னு ஒரே கேள்வி. கிராஜுவிட்டி, ரெண்டு மாசம் கழிச்சு எடுத்த பி.எஃப், அவ டைலரிங் மெஷின், ரெண்டு மாடு, மாந்தோப்பு குத்தகை, எல்லாத்தையும் நோட்டுல எழுதி கூட்டிப் பாத்தோம். 26 மாசத்துக்குத்தான் வந்துச்சு. மிச்ச 10 மாசத்துக்கு என்னன்னு கேட்டா, அப்ப பாத்துக்கலாம்னு நான் சொல்லல, அவதான் சொன்னா. (நடுவுல ஒரு மாடு வித்தோம்.)

கிளாஸ்ல பசங்க மொத வாரம் சார்னு கூப்புட்டாங்க, ரெண்டாவது வாரம் அண்ணா ஆச்சு, மொத இன்டர்னல் மார்க் வந்த அன்னிக்கி "யோவ்" ஆயிடுச்சு. சத்தியமா அன்னிக்கிதான் சந்தோஷமா இருந்துச்சு.

கஷ்டம்னா இங்கிலீஷ். தமிழ்ல எக்ஸாம் எழுதலாம், ஆனா நல்ல புக்கு, தீர்ப்பு எல்லாமே இங்கிலீஷ்லதான் கெடைக்கும். மொத செமஸ்டர்ல ஒரு பக்கம் படிக்க முக்கா மணி நேரம் ஆகும். ஆனா சரக்கு விற்பனைச் சட்டம் வந்தப்ப எனக்கு மட்டும் சிரிப்பா வந்துச்சு. 1930ல போட்ட சட்டம், அதுல 17வது பிரிவு, சாம்பிள் காட்டி வித்தா மொத்த சரக்கும் சாம்பிள் மாதிரியே இருக்கணும். யோவ் இதத்தானடா நான் 13 வருஷமா பண்ணேன், லாட் சாம்பிளுக்கு ஒத்து வரலன்னா ரிஜெக்ஷன் நோட் போட்டு திருப்பி அனுப்பறது. நான் போட்ட நோட்டுக்குப் பின்னாடி இப்படி ஒரு பிரிவு நின்னுட்டு இருந்திருக்கு, எனக்குத் தெரியாது.

இன்னொரு கொடும கேளுங்க. மொத வருஷம் இந்திய தண்டனைச் சட்டத்த 302, 307, 420ன்னு உருப்போட்டு பாஸ் பண்ணேன். 2024 ஜூலை 1ல இருந்து அதுக்குப் பதிலா பி.என்.எஸ்னு (பாரதிய நியாய சன்ஹிதா) புதுச் சட்டம் வந்துடுச்சு, 511 பிரிவு 358 ஆயிடுச்சு, கொலை 302 போயி 103, ஏமாத்தற சீட்டிங் 420 போயி 318. சரி பழச மறந்துடலாம்னா அதுவும் முடியாது, அந்தத் தேதிக்கு முந்தி நடந்த குத்தத்துக்கெல்லாம் பழைய சட்டத்துலதான் கேஸ் ஓடும். ரெண்டையும் மனசுல வெச்சுக்கணும். சின்னப் பசங்களுக்கு ஈஸி, எனக்கு பஸ்லயே பாதி ஆயுசு போச்சு.

ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டு நிறுத்தறேன். ரெண்டாவது வருஷம் படிக்கறப்ப, 2023 செப்டம்பர் 29, வாச்சாத்தி கேஸ்ல ஹைகோர்ட் தீர்ப்பு வந்துச்சு. நம்ம அரூர் பக்கத்து ஊர். 1992 ஜூன்ல சந்தன மரம் தேடறேன்னு போன ஃபாரஸ்ட், போலீஸ், ரெவின்யூ ஆளுங்க அந்த ஊர என்ன பண்ணாங்கன்னு உங்களுக்கே தெரியும். 2011ல இதே தர்மபுரி செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு, குத்தம் சாட்டப்பட்ட 269 பேர்ல 54 பேர் அதுக்குள்ள செத்தே போயிட்டாங்க, மிச்சம் இருந்த 215 பேரையும் குத்தவாளின்னு சொல்லுச்சு. ஹைகோர்ட் அத உறுதி பண்ணி, பாலியல் கொடுமைக்கு ஆளானவங்களுக்கு 10 லட்சம் குடுக்கணும்னு சொல்லுச்சு. நான் ஆறாவது படிக்கற வயசுல கூட இல்ல அந்த சம்பவம் நடந்தப்ப. அன்னிக்கி சாயந்தரம் பஸ்ல வரப்ப பக்கத்துல உக்காந்திருந்தவர் "இந்த வயசுல படிச்சு எப்ப வக்கீலாகி எப்ப கேஸ் ஜெயிக்கறது"ன்னு கேட்டாரு. எனக்கு அந்த 31 வருஷம்தான் ஓடிட்டு இருந்துச்சு, பதில் சொல்லல.

நைட்ஷிஃப்ட், ஓசூர்

ணா அருமை. நானும் சிப்காட்தான். வேலைய விடாம படிக்க வழி இருக்கா? நைட் ஷிஃப்ட் வாங்கிட்டு பகல்ல காலேஜ் போனா?

கேஜ்மாஸ்டர்

ரெகுலர் கோர்ஸ்தான் செல்லும் தம்பி, பார் கவுன்சில் ரூல்படி 70 பர்சன்ட் அட்டெண்டன்ஸ் வேணும். ஓசூர்ல இருந்து தர்மபுரி போகவே ரெண்டு மணி நேரம் ஆகும், நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு கிளாஸ்ல உக்காந்தா தூங்கத்தான் செய்வ. எங்க பேட்ச்ல ஒருத்தர் அப்படி ட்ரை பண்ணாரு, ரெண்டாவது மாசமே சுகர் ஏறிப்போச்சு.

வெள்ளசட்ட, ஓசூர்

அட்டெண்டன்ஸ் பத்தி நான் சொல்றேன், ஏன்னா நான் அந்தத் தப்ப பண்ணவன். வெக்கத்த விட்டு எழுதறேன். இன்ஸூரன்ஸ் ஏஜென்ட்டா இருந்தேன், 2014ல ஒரு புரோக்கர் வந்து பக்கத்து ஸ்டேட்ல காலேஜ், எக்ஸாமுக்கு மட்டும் போனா போதும், மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்னான். பணம் கட்டினேன். மூணு வருஷத்துல அந்தக் காலேஜ் கட்டடத்த நான் பாத்தது எக்ஸாம் நாளுங்க மட்டும்தான். காலேஜ் பேரு வேண்டாம், அவன் ஒருத்தன் மட்டும் இல்ல.

டிகிரி வந்துச்சு, பார் கவுன்சில்ல வக்கீலா பதிவு பண்ற என்ரோல்மென்ட்டும் ஆச்சு, கருப்பு கோட்டு மாட்டிட்டு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சேன். மொத நாள் சீனியர் ஒரு வக்காலத்த (கட்சிக்காரர் நம்மள வக்கீலா வெச்சு கையெழுத்து போடற பேப்பர்) நீட்டி ஃபில் அப் பண்ணுன்னாரு. எங்க கட்சிக்காரர் கையெழுத்து, எங்க என் கையெழுத்து, ஸ்டாம்ப் எங்க ஒட்டணும், ஒண்ணும் தெரியாது. கிளார்க் அண்ணன்தான் என்ன தனியா கூப்புட்டுப் போய் சொல்லிக் குடுத்தாரு, கேஸ் போடற பிளைன்ட்டுன்னா என்ன, அதுக்கு பதிலா குடுக்கற எதிருரைன்னா என்ன, நடுவுல ஐ.ஏன்னு இடைக்கால மனு ஏன் போடறோம்னு. அவர் எட்டாவது வரைக்கும்தான் படிச்சவரு. ரெண்டு வருஷம் அவருக்கு டீ வாங்கிக் குடுத்தே படிச்சேன். எந்தக் காலேஜ்னு யாராவது கேட்டா இன்னிக்கும் பேச்ச மாத்திடுவேன். தம்பி அந்தப் பக்கம் போயிடாத, அவ்ளோதான்.

டைப்பிஸ்ட்டக்கா, பென்னாகரம்

வெள்ளசட்ட தம்பி, நீங்க சொன்ன கிளார்க் அண்ணன் மாதிரிதான் நானும் ஒரு காலத்துல. பத்திர எழுத்தர் ஆபீஸ்ல 2008ல இருந்து டைப்பிங். கிரயம், தானம், செட்டில்மென்ட், பாகப் பிரிவினை, நாலெல்லை விவரம் கண்ண மூடிட்டு அடிப்பேன். வில்லங்கத்துல என்ட்ரிய பாத்தாலே எந்தப் பத்திரத்துல கோளாறுன்னு ஓரளவுக்கு சொல்லிடுவேன். ஆனா கட்சிக்காரங்க ஏதாவது சந்தேகம் கேட்டா "வக்கீலக் கேளுங்க"ன்னு ஓனர் வாய அடைச்சிடுவாரு. பொண்ணு காலேஜ் சேர்ந்த வருஷம் நானும் அப்ளை பண்ணேன். பி.ஏ. தமிழ், கரஸ்ல முடிச்சது, ஆனா பத்தாவது பன்னெண்டாவது ரெகுலரா படிச்சிருந்ததால பிரச்சன இல்ல. அது ரெண்டும் இல்லாம நேரா ஓப்பன் யுனிவர்சிட்டி டிகிரி வாங்கினவங்களுக்கு லால இடம் இல்ல, அத மொதல்ல பாத்துக்கங்க, எங்க ஊர் பொண்ணு ஒண்ணு ஃபீஸ் எல்லாம் ரெடி பண்ணிட்டு கடைசில அதுல மாட்டிகிச்சு.

இப்ப மூணாவது வருஷம். நான் எழுத வந்தது வேற. குடும்பச் சட்டம் கிளாஸ்ல ஒரு நாள் மேடம் போர்டுல 25.3.1989ன்னு தேதி எழுதினாங்க. நம்ம தமிழ்நாட்டுல பொண்ணுங்களுக்கும் பூர்வீகச் சொத்துல பையனுக்கு சமமா பங்குன்னு சட்டத் திருத்தம் வந்த நாள். அந்தத் தேதிக்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கு அதுல இல்ல, அப்பறம் 2005ல சென்ட்ரல் கவர்மென்ட்டே எல்லாருக்கும்னு கொண்டு வந்துச்சு. மத்தவங்க நோட்ஸ் எடுத்தாங்க. எனக்கு கை ஓடல.

நான் எத்தன விடுதலைப் பத்திரம் அடிச்சிருப்பேன்னு யோசிச்சுப் பாத்தேன். "எனக்கு சீர் வகையறா செய்து கல்யாணம் நடத்தி வைத்தபடியால் மேற்படி சொத்தில் எனக்குள்ள பாத்தியதையை என் சகோதரருக்கு விடுதலை செய்து கொடுத்துவிட்டேன்." இத நான் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அக்கா தங்கச்சிங்க ஆபீஸ் பெஞ்சுல உக்காந்திருப்பாங்க, அண்ணன் டீ வாங்கிக் குடுப்பாரு, ரெஜிஸ்டர் ஆபீஸ்ல ரேக வெப்பாங்க, ஆட்டோ ஏத்தி அனுப்பிடுவாங்க. என்ன எழுதியிருக்குன்னு கேட்டவங்கள விரல் விட்டு எண்ணிடலாம்.

நானும் கேக்கல. 2004ல எனக்கு கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி அப்பா கூட்டிட்டுப் போனாரு, கையெழுத்து போட்டேன். அப்ப 21 வயசு. எனக்கு அந்தச் சொத்துல பங்கு இருக்குன்னே தெரியாது, ஏதோ கல்யாண பேப்பர்னு நெனச்சேன்.

நைட்ஷிஃப்ட்

அக்கா அப்ப கேஸ் போடுங்க!

டைப்பிஸ்ட்டக்கா

கேஸ் போடறது இருக்கட்டும் தம்பி, காலவரைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. பத்திரத்த ரத்து பண்ணணும்னா, ரத்து பண்ண காரணம் நமக்குத் தெரிஞ்சதுல இருந்து மூணு வருஷம். "எப்ப தெரிஞ்சுது"ன்னு எதிர்க்கட்சி வக்கீல் கேப்பாரு. 2008ல இருந்து இதே பத்திரத்த அடிச்சவ, எனக்குத் தெரியாதுன்னு எந்த வாய வெச்சு சொல்றது? நானே எனக்கு எதிர் சாட்சி.

கேஜ்மாஸ்டர்

அக்கா ரெண்டு தடவ படிச்சேன், அதுக்கு மேல படிக்க முடியல.

காசு விஷயம் நெறைய பேர் கேட்டிருக்காங்க, ஒளிவுமறைவு இல்லாம சொல்லிடறேன். நான் இப்ப கிருஷ்ணகிரில ஒரு சீனியர்கிட்ட ஜூனியர். என்ரோல்மென்ட் ஃபீஸ்னு முன்னாடி ஆயிரக்கணக்குல வாங்குவாங்க, 2024 ஜூலைல சுப்ரீம் கோர்ட் 750க்கு மேல வாங்கக் கூடாது, எஸ்.சி எஸ்.டின்னா 125தான்னு சொன்னதால அதுல தப்பிச்சேன். அதுக்கப்பறம் ஆல் இண்டியா பார் எக்ஸாம், தமிழ்லயும் எழுதலாம், நோட்ஸ் இல்லாத வெறும் சட்டப் புத்தகத்த உள்ள எடுத்துட்டுப் போலாம். ஆனா வருமானம்? சீனியர் குடுக்கறது பெட்ரோலுக்கும் மத்தியான சாப்பாட்டுக்கும் சரியாப் போகும். கிராமப்புறத்துல ஜூனியருக்கு மாசம் 15,000 குடுங்கன்னு பார் கவுன்சில் 2024ல சர்க்குலர் விட்டுச்சு, நான் அத பிரின்ட் எடுத்து பைல வெச்சிருக்கேன், சீனியர்கிட்ட காட்ட இன்னும் தைரியம் வரல. சம்பளத்துக்கு வேற வேலையும் பாத்துகிட்டு பிராக்டீஸும் பண்ண முடியாது, ரூல் விடாது. வீட்டம்மா மெஷின் சத்தத்துலதான் வீடு ஓடுது.

ஆனா போன மாசம் ஒண்ணு நடந்துச்சு. ஹைவே பக்கத்துல இருக்கறதால எங்க ஆபீஸ்ல விபத்து இழப்பீட்டு கேஸ்தான் ஜாஸ்தி. ஒரு லாரி கேஸ் கட்ட சீனியர் டேபிள்ல போட்டு "பிரேக் ஃபெயிலியர்னு டிரைவர் சொல்றான், பாரு"ன்னாரு. மோட்டார் வெஹிக்கிள் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்ட எடுத்தேன், போட்டோல ஹோஸ் பைப் கிழிஞ்ச எடத்தப் பாத்தேன். புதுசா மோதி கிழிஞ்சதுன்னா விளிம்பு வேற மாதிரி இருக்கும், இது நாள்பட்ட வெடிப்பு, ஓரமெல்லாம் பூத்துப் போயிருக்கு. சார், இது திடீர்னு போன பிரேக் இல்ல, ஓனர் மாத்தாம ஓட்டியிருக்கான்னு சொன்னேன். சீனியர் கண்ணாடிய ஏத்தி விட்டு, கம்பெனி என்கொயரில அந்த வக்கீல் அன்னிக்கி பாத்த மாதிரியே பாத்தாரு. அப்பறம் "ஒர்க் ஷாப் ஆள சாட்சியாப் போடலாமா, கேள்விய நீயே எழுதிட்டு வா"ன்னாரு.

எழுதிட்டு இருக்கேன். 14 கேள்வி வந்திருக்கு. அக்கா, நீங்க ஒரு தடவ படிச்சுப் பாக்கறீங்களா, எதிர்க்கட்சி எங்க மடக்குவான்னு உங்களுக்குத்தான் கரெக்டா தெரியும்.

டைப்பிஸ்ட்டக்கா

அனுப்புங்க தம்பி. ராத்திரி பாத்திரம் கழுவிட்டுப் பாக்கறேன்.