ரெக்சாஸில் தம்பிக்கு 14 மாதம் மறியல்: அப்பீல் போடலாமா?

காரைதீவு அக்கா:
என் தம்பியை 2019இல் அமெரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். இங்கே கொஞ்சக்காலம் கடையில் நின்றான். மனம் ஒட்டவில்லை, திரும்பவும் மெக்சிக்கோ வழியாகப் போய் லரேடோவில் பிடிபட்டான். நாடுகடத்தப்பட்ட பிறகு அனுமதி இல்லாமல் நுழைந்த குற்றம். ஒப்புக்கொண்டான். போன செவ்வாய் 14 மாதம் தீர்த்துவிட்டார்கள். இன்றோடு ஆறு நாள். லோயர் அரசாங்கம் கொடுத்தவர். போனில் தம்பி, "பழைய கேஸுக்காக நாலு படி கூட்டிட்டாங்க" என்று அழுதான். இங்கே ஒருவர் ஆறு லட்சம் தந்தால் அங்கே ஆள் பிடித்து அப்பீல் போடுவதாகச் சொல்கிறார். என் சீதன வளவை ஈடு வைக்க யோசிக்கிறேன். அப்பீல் போட்டால் தண்டனை கூடுமா?

ஆரையம்பதிக்காரன்:
அக்கா, வளவில் கை வைக்காதீர்கள். நானும் இதே குற்றத்துக்கு அங்கே மறியலில் இருந்தவன். அரசாங்கம் கொடுத்த லோயர் என்றால் அப்பீலுக்கும் காசு இல்லை.

உங்களுக்கு இருப்பது 14 நாள். சனி ஞாயிறும் சேர்த்தே எண்ணுங்கள். இதற்குள் வாதம் எதுவும் எழுதத் தேவையில்லை. "மேன்முறையீடு செய்கிறேன்" என்ற ஒரு பக்க அறிவித்தல், தீர்த்த கோட்டுக்கே போக வேண்டும். தம்பி லோயரிடம், "அப்பீல் போடுங்கள்" என்று எழுத்தில் கொடுக்கட்டும். ஒப்புக்கொண்டபோது அப்பீல் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைத்திருந்தாலும், கட்சிக்காரன் சொன்னால் லோயர் அறிவித்தலைப் போட்டே ஆக வேண்டும். 2019இல் கார்சா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. லோயர் அகப்படவில்லையென்றால் தம்பியே எழுதி, நாளுக்குள் மறியல் தபாலில் கொடுக்கலாம். கொடுத்த நாள்தான் கணக்கு.

அந்த நாலு படிதான் எனக்கு உறுத்துகிறது. அங்கே தண்டனையைப் படி வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள், படி கூடினால் மாதமும் கூடும். இந்தக் குற்றத்துக்கு அடிப்படை எட்டாம் படி. ஒப்புக்கொண்டால் இரண்டு குறையும். முன்பு இதே "திரும்பி நுழைந்த" குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருந்தால் நாலு கூடும். ஆனால் முதல் தடவை கள்ளமாக நுழைந்தது வேறு குற்றம், ஆறு மாதம் வரைதான். அப்படி ஒன்று மட்டும் இருந்தால் அந்த நாலைக் கூட்டக்கூடாது. தண்டனை சொல்ல முன்பு கோட்டுக்குக் கொடுக்கும் என் கணக்கு அறிக்கையில் அதைக் கூட்டிவிட்டார்கள். எட்டு முதல் 14 மாதம் என்று கணக்கு வந்தது, சரியாகப் பார்த்தால் ஒன்று முதல் ஏழு. என் லோயரும் கவனிக்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. மேல் கோட்டில்தான் பிழை பிடிபட்டது. அதற்குள் நான் ஒன்பது மாதம் உள்ளே இருந்துவிட்டேன். அந்த நாட்களை யார் திருப்பித் தருவார்கள்? அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். வெளிப்படையான கணக்குப் பிழையென்றால் தீர்த்த நீதிபதியே தண்டனை சொன்ன 14 நாளுக்குள் திருத்தலாம். அதையும் லோயரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

தண்டனை கூடுமா என்றால், அரச தரப்பும் அப்பீல் போடாமல் மேல் கோட் தானாகக் கூட்ட முடியாது. ஆனால் உரிமையை விட்டுக்கொடுத்த கடதாசி இருந்தால், அதை மீறினால் என்ன வரும் என்று லோயரிடமே கேளுங்கள்.

இரவு எட்டரைக்குப் போன் எடுங்கள், அங்கே காலை ஒன்பதோ பத்தோ. தம்பியின் எட்டு இலக்கக் கைதி இலக்கத்தைக் கையில் வைத்திருங்கள்.

கல்முனை மருமகள்:
அண்ணா சொன்னது சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். மேல் கோட் நியூ ஓர்லியன்ஸில். அங்கே புது விசாரணை இல்லை, சாட்சியும் இல்லை. பதிவான பேச்சையும் அறிக்கையையும் படித்துத்தான் தீர்ப்பு. இதனால் நாடுகடத்தல் நிற்காது. ஊருக்கு வர உண்மையிலேயே பயம் இருந்தால், அனுப்பும் முன்பு குடிவரவு அதிகாரியிடம் தம்பி வாய் திறந்து சொல்ல வேண்டும், அது தனி விசாரணை. இன்னொரு முறை நுழைந்து பிடிபட்டால் உச்ச தண்டனை இரண்டு வருடமில்லை, பத்து வருடம். இதை அவனிடம் மறைக்காதீர்கள் அக்கா.

காரைதீவு அக்கா:
நேற்று இரவு எடுத்தேன். லோயரின் அலுவலகப் பெண் மொழிபெயர்ப்பாளரை வரவழைத்துப் பேசினார். அறிவித்தல் இன்று போகிறதாம். தம்பியின் பழைய கேஸ் 2018இல், முதல் தடவை நுழைந்ததற்கு 60 நாள். அது மட்டும்தான். நாலு படியைப் பற்றிக் கேட்டேன். அறிக்கையை எடுத்துப் பார்த்துவிட்டு, "லோயரிடம் இப்பவே காட்டுகிறேன்" என்றார். ஆறு லட்சம் கேட்டவருக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஆரையம்பதி அண்ணா, தம்பியை வேறு மறியலுக்கு மாற்றினால் எனக்குத் தெரியவருமா?

ஆரையம்பதிக்காரன்:
யாரும் சொல்ல மாட்டார்கள் அக்கா. அந்த எட்டு இலக்கத்தை மறியல் திணைக்கள இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் காணவில்லையென்றால் பயப்படாதீர்கள். மாற்றும்போது அப்படித்தான், என் அம்மாவும் தேடித் தேடி அழுதிருக்கிறா.