கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பி வந்து, மாற்றமும் கேட்டவர்கள்: உங்கள் அனுபவம்?

கருவிழி
சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்கி, ஒருவழியாகப் பழையபடி பூசைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைக்கும் பெரிய வியாழனுக்கு முந்தைய கூட்டத்தில், பாதம் கழுவப் பெண்களையும் உட்காரவைக்கலாமே என்று கேட்டேன். 2016-லேயே ரோம் அனுமதித்ததுதானே. "பார்க்கலாம்மா" என்றார் பங்குத்தந்தை.

அன்று பன்னிரண்டு நாற்காலியிலும் ஆண்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வெந்நீர் கொண்டுவந்தது, துண்டு மடித்துக் கொடுத்தது எல்லாம் பெண்கள். சிந்திய தண்ணீரை ஒரு வயதான அம்மா குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார், அவர் பாதம் இரண்டும் நனைந்திருந்தன. சாமியார் அவரைச் சுற்றிக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். அதற்குப்பிறகு மன்றாட்டு எதுவும் என் காதில் விழவில்லை. பூசையை விட்டுவிடவும் மனம் வரவில்லை. உங்களுக்கு எப்படி?

பழைய பீடச்சிறுவன்
என்னைத் திரும்பக் கூட்டிவந்தது அப்பாவின் நல்லடக்கம். மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்த செபமெல்லாம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது தானாக வாயில் வந்தது. ஒரு வரி எனக்குத் தடுமாறியது, பின்னாலிருந்து முகம் தெரியாத யாரோ எடுத்துக்கொடுத்தார். இன்றைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன் சகோதரி, காலங்காலமாக வந்ததில் வந்ததும் வராததுமாகக் கை வைக்க வேண்டுமா? 2016 ஆணையும் அனுமதிதான், கட்டாயமில்லை. கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்து செபியுங்கள்.

கணக்குக் கேட்டவன்
பீடச்சிறுவன் அண்ணன், காலங்காலமாக என்கிறீர்கள். பெரிய வியாழன் பூசைக்குள்ளே பாதம் கழுவும் சடங்கு வந்ததே 1955-இல், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் கொண்டுவந்த சீர்திருத்தத்தில். நாம் தாய்மொழியில் பூசை காண்பது உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) திறந்த வழி. திருத்தந்தை பிரான்சிஸ் 2013-லேயே ரோமில் இளம் கைதிகள் இருந்த சிறையில் பெண்களின் பாதத்தையும் கழுவினார், சட்டம் பிறகுதான் மாறியது. கேட்டவர்கள் இருந்ததால் மாறியவை இவை.

என் கதை சின்னது. காணிக்கைக் கணக்கைப் பலகையில் ஒட்டச் சொன்னேன். "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்றார் ஒருவர். கோயிலே அமைதியாகி என்னைத் திரும்பிப் பார்த்தது.

கருவிழி, வாயால் கேட்காதீர்கள். எழுதிக் கொடுங்கள், தேதி போடுங்கள், இன்னும் இருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். திருச்சபைச் சட்டம் 212 தெளிவாகச் சொல்கிறது: திருச்சபையின் நன்மைக்கான கருத்தை மேய்ப்பர்களிடம் தெரிவிப்பது விசுவாசிகளின் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட. 537-இன்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும். மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது 1287. பங்குப் பேரவை மட்டும் 536-இன்படி மறைமாவட்டத் தலைவரான ஆயரின் விருப்பத்தைப் பொறுத்தது, அதற்கும் ஆலோசனை சொல்லும் அதிகாரம்தான். அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம் கேட்டிருக்கிறது. அதை அச்செடுத்து இணையுங்கள். பதில் வராவிட்டால் மறைமாவட்டத்துக்கு எழுதுங்கள். கோபமான ஒரு வார்த்தைகூடக் கடிதத்தில் வரக் கூடாது.

பழைய பீடச்சிறுவன்
1955 சரி. ஆனால் சட்ட எண்ணோடு வருகிறவரைப் பார்த்ததும் சாமியார் கதவைச் சாத்திவிடுவார். அப்புறம் யாரிடம் கேட்பீர்கள்? முதலில் அந்த மனிதரோடு பழகுங்கள்.

கருவிழி
நான் கடிதத்துக்கு வழி கேட்கவில்லை தம்பி. இந்த வலியோடு தொடர்ந்து போகிறவர்கள் இருக்கிறார்களா என்றுதான் கேட்டேன்.

இரண்டாம் வாசகம்
இருக்கிறோம் அக்கா. பூசையில் பெண்கள் பைபிள் வாசகம் படிப்பது பல காலமாக நடப்பதுதான், 2021-இல் வாசகர் பணிக்குப் பெண்களை முறைப்படி ஏற்படுத்தவும் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நான் படிக்க ஏறியதும் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து வெளியே போகிறார். நான் இறங்கியதும் வந்து அதே இடத்தில் உட்காருகிறார். போன ஞாயிறு அவர் போகும்போது, கூடவே எழுந்த பேத்தியை அவர் மனைவி கையைப் பிடித்து உட்காரவைத்தார். அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடவுள் சொல்வதைக் கேள்" என்ற வரியில் என் குரல் உடைந்துவிட்டது.

அவரிடம் நேரில் பேசலாமா, அந்த அம்மா வழியாகப் போகலாமா? வரும் ஞாயிறும் என் முறைதான்.