புதுப்பிப்பு: மார்ச் கடைசியில் குல்மார்க், பனிப்புயலுக்குள் சறுக்கு

காரைக்குடியிலிருந்து மார்ச் கடைசியில் காஷ்மீர் மலையிலுள்ள குல்மார்க் போனால் பனிச்சறுக்கு செய்ய முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன், பாதிப் பேர் எல்லாம் உருகிப்போயிருக்கும் என்றீர்கள். போன அன்று கீழ்ச்சரிவில் புல் தெரிந்தது உண்மைதான். ராத்திரியே வானம் மூடி, கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டது! மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்று வசந்தத்திலும் காஷ்மீருக்குப் பனி கொண்டுவரும்.

மறுநாள் பலத்த காற்று, அஃபர்வத் மலைக்குப் போகும் கொண்டோலாவின் (கம்பியில் தொங்கிப் போகும் ரோப் கார்) இரண்டாம் கட்டத்தைத் திறக்கவில்லை, முதல் கட்டம் முடியும் கொங்டூரி வரைதான். வானமும் சரிவும் ஒரே வெள்ளை, மேடு பள்ளமே தெரியவில்லை, அதனால் பைன் மரங்களை ஒட்டியே சறுக்கினோம், மரம் இருந்தால்தான் கண்ணுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. ஈரப்பனி ஆட்டின மாவு மாதிரி கனம், திரும்பும்போது தொடை கடுத்துப்போகும்.

வழிகாட்டி பாய் ஓரிடத்தில் குனிந்து கையால் பனியைத் தோண்டிக் காட்டினார். மேலே புதுப் பனி, அடியில் பகலில் உருகி இரவில் உறைந்த கெட்டி ஓடு. விரலால் தள்ளினார், மேல்பாளம் அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. மலையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழும் பனிச்சரிவு இப்படித்தான் கிளம்புகிறதாம். தயவுசெய்து யாரும் கண்காணிப்பு இல்லாத சரிவில் இறங்காதீர்கள்.

மார்ச் கடைசியில் தானும் போகலாமா என்று தேவகோட்டைத் தம்பி கேட்டதற்கு: தாராளமாகப் போகலாம். அடிவாரத்திலுள்ள தங்மார்க்கிலிருந்து மேலே ஏற டயரில் சங்கிலி கட்டிய வண்டி வேண்டும், அப்புறம் ஸ்ரீநகர் விமானம் ரத்தாகலாம், கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.