மாகாணப் பிரதம செயலாளர் பதவிக்குச் செல்லும் வழி எது?

வந்தாறுமூலையான்:
நான் மட்டக்களப்பு மாவட்டத்தின் பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பணியாற்றிக்கொண்டு, இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சைக்கு ஆயத்தமாகி வருகின்றேன். மாகாண நிர்வாகத்திலேயே இருந்து, அதன் தலைமை உத்தியோகத்தரான பிரதம செயலாளர் வரை உயரலாம் எனச் சிலரும், அது மத்திய அரசாங்க உத்தியோகத்தர்களுக்கே உரியது எனச் சிலரும் கூறுகின்றனர். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுநிலை உத்தியோகத்தர், கல்லடி:
தம்பி, நமது கிழக்கு மாகாணத்தின் பிரதம செயலாளர் திருகோணமலையில் இருந்து மாகாணத்துக்காகப் பணியாற்றினாலும், 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின்படி அவரை நியமிப்பவர் சனாதிபதியே; அதற்கு முதலமைச்சரின் இணக்கம் வேண்டும். அக்கதிரையில் வழமையாக அமர்வது நிர்வாக சேவையின் அதியுயர் தரமான விசேட தர உத்தியோகத்தர் ஆவார். மூன்றாம் தரத்தில் சேர்ந்து, தர உயர்வுக்கான தடைதாண்டல் பரீட்சைகளைக் கடந்து, முதலாம் தரத்துக்கும் மேலே செல்ல ஒருவருடைய சேவைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும்.

ஆனால், ஓர் உத்தியோகத்தரை உருவாக்குவது பிரதேச செயலாளராகக் கழியும் ஆண்டுகளே என்பது என் உறுதியான எண்ணம். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட நிர்வாகத் தலைவரான அரசாங்க அதிபரிடம் இருந்த பல அதிகாரங்களைப் பிரதேச செயலாளருக்கு மாற்றியது. அதற்கு முன்னர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் மக்கள் பல கருமங்களுக்காக வாவியைக் கடந்து, ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்த கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு, வரவேண்டியிருந்தது. வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலமும் 2014இல்தான் திறக்கப்பட்டது. காணி அனுமதிப்பத்திரத்துக்காக ஒருநாள் கூலியை இழந்து வந்து நிற்கும் ஒரு தாயை, ஒரு கையொப்பம் குறைகிறதென்று திருப்பி அனுப்பாத பழக்கம் பிரதேச செயலகத்திலேதான் வரவேண்டும். மேலே சென்ற பின்னர் அது வருவதில்லை.

கல்முனை வாசகி:
ஐயா கூறியதுடன் மொழியையும் சேர்க்க விரும்புகின்றேன். அம்பாறை மாவட்டம் 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. தலைமையகம் அம்பாறை நகரில் இருக்க, தமிழ் பேசும் மக்களுள் பெரும்பாலானோர் கரையோரத்தில் வாழ்கின்றனர். என் தகப்பனாரின் ஓய்வூதியம் குறித்து ஓர் அலுவலகம் சிங்களத்தில் மட்டும் அனுப்பிய கடிதத்தை நாங்கள் வாரக்கணக்கில் விளங்காமல் வைத்திருந்தோம். அதை வாசித்து, அன்றே பதிலையும் எழுதித் தந்தவர் ஓர் உதவிப் பிரதேச செயலாளர். ஆகவே தம்பி, சிங்களத்தைப் பரீட்சையில் சித்தியடைவதற்காக மட்டுமன்றி, அலுவலகக் கோவையில் குறிப்பு எழுதும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள்.

வந்தாறுமூலையான்:
இருவருக்கும் நன்றி. மாகாண சபை கலைந்திருக்கும் இக்காலத்தில் முதலமைச்சரின் இணக்கம் எவ்வாறு பெறப்படும், ஐயா?

ஓய்வுநிலை உத்தியோகத்தர், கல்லடி:
கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவடைந்ததன் பின்னர் நிர்வாகம் ஆளுநரின் கீழேயே நடைபெற்றது. முதலமைச்சர் இல்லாதபோது அந்த இணக்கத்துக்கு இடமில்லை. மக்கள் பிரதிநிதிகள் சபையில் கேட்க வேண்டிய கேள்விகளைப் பிரதம செயலாளர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை அது. இதனை நான் பெருங்குறையாகவே கருதுகின்றேன்.

நீங்கள் ஏற்கெனவே அரச சேவையில் இருப்பதால், திறந்த போட்டிப் பரீட்சையுடன், சேவையில் உள்ளவர்களுக்கான மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சையையும் கவனத்தில் கொள்ளுங்கள். வயதெல்லையையும் சேவைக்கால நிபந்தனையையும் வர்த்தமானி அறிவித்தலிலேயே பார்த்து உறுதிசெய்யுங்கள்.