செவ்வாயில் வெயில் ஏறும்போது காற்றழுத்தம் ஏன் இறங்குகிறது? என் கணக்கு நேர்மாறாக வருகிறது

கேள்வி

வணக்கம். செவ்வாயின் கேல் பள்ளத்தில் 2012 ஆகஸ்ட் முதல் இயங்கிவரும் கியூரியாசிட்டி ஊர்தியின் வானிலைக் கருவி பதிந்த தரவை வைத்துப் பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதியிருக்கிறேன். செவ்வாயின் மெல்லிய காற்று வெயிலுக்கு எப்படி அசைந்து கொடுக்கிறது என்பதைப் புரிந்துகொள்வதே நோக்கம். இரண்டு இடங்களில் சிக்கிக்கொண்டேன்.

முதலாவது: இரவில் 195 கெல்வினாக இருக்கும் தரையோரக் காற்று பிற்பகலில் 265 கெல்வினுக்கு ஏறுகிறது. அழுத்தம், அடர்த்தி, வெப்பநிலை மூன்றையும் இணைக்கும் வாயுச் சமன்பாட்டில் இந்த எண்களைப் போட்டால், காலையில் 850 பாஸ்கலாக இருக்கும் அழுத்தம் பிற்பகலில் 1,155 பாஸ்கலாக உயர வேண்டும். தரவிலோ, காலை ஏழரை மணியளவில் உச்சத்தில் இருக்கும் அழுத்தம் மாலை நாலரை மணிக்குள் ஏறத்தாழப் பத்து சதவீதம் குறைந்துவிடுகிறது. கோப்பைத் தலைகீழாகப் படித்துவிட்டேனோ என்று மூன்று முறை சரிபார்த்தேன். அப்படி எதுவும் இல்லை.

இரண்டாவது: பல நாள்களின் வளைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால், மாலையில் அழுத்தம் தாழும் அந்த இடம் ஒவ்வொரு நாளும் சற்று வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது. நாள் எண்ணைப் பெற, விநாடிக் கணக்கை 86,400 ஆல் வகுக்கிறேன். எங்கே தவறுகிறேன் என்று யாரேனும் சொல்ல முடியுமா?

முதல் பதில்

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். 86,400 என்பது பூமியின் நாளுக்குரிய விநாடிகள். செவ்வாயின் ஒரு நாள், அதாவது ஒரு சோல், 24 மணி 39 நிமிடம் 35 விநாடி நீளமுடையது. 88,775 ஆல் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு நாற்பது நிமிடம் போல வலப்பக்கம் நகர்கிறது என்றால் காரணம் இதுதான்.

முதலாவது, நிரலில் உள்ள பிழை அன்று. கருத்தில் உள்ள பிழை. நீங்கள் போட்ட கணக்கு மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றுக்குப் பொருந்தும். செவ்வாயின் காற்றுக்கு மேலே மூடி இல்லை. தரையில் நாம் அளக்கும் அழுத்தம், தலைக்கு மேலுள்ள காற்றுத் தூணின் எடை. வெயிலில் சூடாகும் காற்று விரிந்து மேலெழுந்து பக்கவாட்டில் வழிந்துவிடுகிறது. தூணில் மிஞ்சும் காற்று குறைவதால் எடையும் குறைகிறது. உங்கள் சமன்பாடு பொய்யாகிவிடவில்லை, அடர்த்தி மாறாது என்று நீங்கள் வைத்துக்கொண்டதுதான் பொருந்தவில்லை.

இது பூமியிலும் நடக்கிறது. ஆனால் வெப்ப மண்டலத்தில்கூட அந்த ஏற்ற இறக்கம் மொத்த அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். வேறுபாடு காற்றின் அளவில் இருக்கிறது. 800 பாஸ்கலைச் செவ்வாயின் ஈர்ப்பு முடுக்கமான 3.71 ஆல் வகுத்தால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேல் ஏறத்தாழ 215 கிலோ காற்று இருப்பது தெரியும். பூமியில் அது 10,300 கிலோ. சூரியனிடமிருந்து வரும் ஆற்றல் நமக்குக் கிடைப்பதில் பாதிக்கும் சற்றுக் குறைவு என்றாலும், சூடாக்க வேண்டிய காற்று ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான் என்பதால், ஒரே பகலில் முழுத் தூணும் அசைந்துவிடுகிறது.

கேட்டவர்

மிக்க நன்றி. 88,775 போட்டதும் வளைவுகள் அப்படியே ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிட்டன. பெட்டிக் கணக்கையும் விட்டுவிட்டு இப்படிச் செய்து பார்த்தேன்: பள்ளத்தின் நான்கு கிலோமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும் காற்று சராசரியாக 20 கெல்வின் சூடாகிறது, விளிம்பின் உயரத்தில் அழுத்தம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், தரையில் அழுத்தம் மூன்று சதவீதம்தான் குறைகிறது. மீதி ஏழு சதவீதம் எங்கிருந்து வருகிறது?

இரண்டாம் பதில்

உங்கள் மூன்று சதவீதம் நல்ல மதிப்பீடு. விளிம்பைத் தாண்டிச் சரிவுகளில் ஏறி வெளியேறும் காற்றின் பங்கு அது. ஆனால் விளிம்பின் உயரத்தில் அழுத்தம் மாறாது என்று கொண்ட இடத்தில்தான் மீதி ஒளிந்திருக்கிறது. பகலும் இரவும் செவ்வாயைச் சுற்றி வரும்போது, சூடான காற்றின் புடைப்பும் சூரியனைத் தொடர்ந்து மேற்கு நோக்கி ஓடுகிறது. நிலநடுக்கோட்டுச் சுற்றளவான 21,300 கிலோமீட்டரை ஒரு சோலில் கடக்க வேண்டும் என்பதால் அதன் வேகம் விநாடிக்கு 240 மீட்டர். கோள் முழுவதையும் தழுவிய இந்த அலைக்கு வெப்ப ஓதம் என்று பெயர். கடலோதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தை, முதன்மையாக எழுப்புவது நிலவின் ஈர்ப்பு. இதை எழுப்புவது வெயிலின் சூடு. கேல் பள்ளம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் இந்த அலை அங்கே வலுவாகப் படுகிறது.

தூசியையும் மறந்துவிட வேண்டாம், என் கருத்தில் இந்தத் தரவின் மிகச் சுவையான பகுதியே அதுதான். தெளிந்த காற்றில் வெயில் பெரும்பாலும் தரையைச் சுட்டு, தரைதான் காற்றைச் சுடுகிறது. தூசி மிதக்கும்போது அது ஒளியை நடுவானிலேயே விழுங்கி, பல கிலோமீட்டர் உயரம்வரை காற்றை நேரடியாகச் சூடாக்குகிறது. 2018இல் கோள் முழுவதையும் மூடிய புழுதிப்புயலின்போது இந்த ஓதம் நன்றாக வலுத்தது. அந்த ஆண்டின் ஜூன் மாதத் தரவைத் தனியே வரைந்து, ஒரு சோலுக்கு ஒருமுறை வரும் அலையையும் இருமுறை வரும் அலையையும் ஃபூரியே முறையில் பிரித்துப் பாருங்கள். இருமுறை வரும் அலை, கோள் முழுவதும் பரவிய தூசியைக் காட்டிக்கொடுக்கும்.

முதல் பதில் எழுதியவர்

ஒரு சேர்க்கை. பல மாதத் தரவைச் சேர்க்கும்போது, ஒவ்வொரு சோலின் அழுத்தத்தையும் அந்தச் சோலின் சராசரியால் வகுத்துவிட்டு அலையைத் தேடுங்கள். தென்முனைக் குளிர்காலத்தில் கரியமிலவாயு பனியாக உறைந்து படிவதும், வெயில் திரும்பியதும் நேரே ஆவியாகி எழுவதும் அங்கே ஆண்டுதோறும் நடக்கின்றன. காற்றில் 95 சதவீதம் அந்த வாயுதான் என்பதால், அழுத்தமே ஏறத்தாழக் கால் பங்கு ஏறி இறங்கும். 1976இல் இறங்கிய வைக்கிங் கலங்கள் இதைத் தெளிவாகப் பதிந்தன. வகுக்காமல் விட்டால் பருவத்தின் ஏற்ற இறக்கம் உங்கள் பத்து சதவீத வளைவை மூழ்கடித்துவிடும்.

கேட்டவர்

வகுத்துப் பார்த்தேன். 2018 ஜூனில் வளைவின் வடிவமே மாறியிருக்கிறது: வழக்கமான காலை மேட்டுக்குப் பிறகு, இரவில் இரண்டாவது மேடு ஒன்று தெளிவாக எழுகிறது. நிரலின் பிழை என்று நினைத்து நீக்க இருந்த நாள்கள் அவை.